மூலப் பிரதி யார் கையில்?

கட்டடக் கலைஞர்களின் காரியாலயங்களிலும், உட்புற அலங்கார நிறுவனங்களிலும், இரும்புக் கட்டுமானத்துக்கு விவர வரைபடம் தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் சென்னை, கோயம்புத்தூர்க் கம்பெனிகளிலும் இக்காலத்தில் ஓயாமல் எழும் புகார் ஒன்று உண்டு. காலையில் ஒருவர் திருத்திச் சேமித்த வரைபடம் மாலையில் மற்றொருவர் திறக்கும்போது பழைய உருவத்திலேயே நிற்கிறது; அல்லது, யாருமே திறந்து வைத்திராத கோப்பை வேறொருவர் உபயோகித்துக்கொண்டிருப்பதாகவும், ஆகவே படிக்க மட்டுமே அனுமதி உண்டென்றும் கம்ப்யூட்டர் அறிவிக்கிறது; அல்லது, ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் முளைத்து, இரண்டிலும் பாதிப் பாதி வேலை இருக்க, எதை நம்புவது என்று தெரியாமல் இளம் பொறியாளர்கள் விழிக்கிறார்கள். நெட்வொர்க் சரியில்லை என்று ஒருவர் தீர்ப்புச் சொல்கிறார். சர்வர் பழசாகிவிட்டது என்கிறார் இன்னொருவர். வேறு மென்பொருள் வாங்கினால்தான் விமோசனம் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வது முதலாளியின் காதில் ஏறுகிறது. இம்மூன்று தீர்ப்புகளிலும் அங்கங்கே உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், இந்த உபத்திரவத்தின் பெரும்பகுதிக்குக் காரணம், மூலப் பிரதி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதைக் காரியாலயம் தீர்மானித்து வைக்காததே என்பது என் அபிப்பிராயம்.

வரைபடக்காரர்களின் இந்தச் சங்கடத்தைப் பொதுஜனங்கள் படிக்கும் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் கவலைப்பட வேண்டிய விஷயம் இது. தூணின் கம்பிக் கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளர் மாற்றிய பிறகும், மாறாத பழைய படமே அச்சாகி மனையில் நிற்கும் மேஸ்திரியின் கைக்குப் போய்ச் சேருமானால், அதன் பலனை அனுபவிக்கப்போவது கோப்பைத் தவறாகச் சேமித்தவர் அல்லர். கழிவறைக் குழாய் வரும் இடத்தில் உத்தரம் வந்து நிற்பதும், வந்திறங்கிய கதவு நிலையில் பொருந்தாமல் போவதும் பல சமயங்களில் கொத்தனாரின் கைப்பிழையாக இல்லாமல், எந்தப் படம் இறுதியானது என்று தெரியாமல் போன குழப்பத்தின் விளைவாகவே இருக்கின்றன. இடித்துக் கட்டும் செலவு மட்டும் வீட்டுக்காரர் தலையில் விழுகிறது.

வரைபட மென்பொருள்களின் பிறப்பை ஆராய்ந்தால் கோளாறின் வேர் தெரியும். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் ஐவன் சதர்லாந்து என்பவர் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒரு மனிதர் ஒளிப்பேனாவைக் கையில் பிடித்துத் திரையில் கோடு கிழித்து ஒரு யந்திரத்துடன் சம்பாஷிப்பதற்காகச் செய்யப்பட்டது. பக்கத்து மேஜைக்காரரும் அதே படத்தில் கை வைப்பார் என்ற யோசனைக்கு அங்கே இடமில்லை. 1982 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, பிற்பாடு உலகமெங்கும் வரைபலகைகளை அப்புறப்படுத்திய ஆட்டோகேட், தனித்தனியே மேஜைமீது அமர்ந்து, ஒன்றோடொன்று பேசத் தெரியாமலிருந்த சிறு கம்ப்யூட்டர்களுக்காகப் பிறந்தது. ஒரு படம், ஒரு கோப்பு, ஒருவர் கை என்பதே அதன் பிறவிக் குணம். வீடு முழுவதும் ஒரே கோப்பாக இருக்கும்; அதில் ஒரு ஜன்னலை ஓர் அங்குலம் நகர்த்திச் சேமித்தாலும் மாறுவது அந்த ஒரே கோப்புத்தான். இப்படிப்பட்ட வஸ்துவை எட்டுப் பேர் புழங்கும் பொது ஃபோல்டரில் போட்டுவிட்டு, எட்டுப் பேருக்கும் ஏககாலத்தில் எழுத வசதி வேண்டுமென்று எதிர்பார்ப்பதில்தான் தொல்லை தொடங்குகிறது.

தயாரித்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஒருவர் படத்தைத் திறந்தவுடன், அதே இடத்தில் அதே பெயரும் டி.டபிள்யூ.எல். என்ற வால் எழுத்துகளும் கொண்ட சிறு பூட்டுக் கோப்பு ஒன்றை ஆட்டோகேட் உண்டாக்குகிறது. திறந்தவர் யார், எந்தக் கம்ப்யூட்டரில், எந்த நேரத்தில் என்ற விவரங்கள் அதனுள் எழுதப்பட்டிருக்கும். பத்திரிகைப் பக்கங்களைக் கோக்கும் இன்டிசைனும், கடிதம் எழுதும் வேர்டும் இதே மாதிரியான பூட்டுக் கோப்புகளை வைத்துக்கொள்கின்றன. பஸ்ஸில் இடம்பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. துண்டு கிடக்கிற வரையில் பிறர் உட்காரமாட்டார்கள், போட்டவர் எழுந்து போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் மின்சாரம் தடைப்பட்டுக் கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தாலோ, மடிக்கணினி உறக்கநிலைக்குப் போய்த் தொடர்பு அறுந்தாலோ, கம்பி இணைப்பிலிருந்து வைஃபைக்கு மாறும் நொடியில் சர்வருடன் இருந்த பிடி விட்டுப்போனாலோ, ஆள் இறங்கிப் போன பிறகும் துண்டு மட்டும் இருக்கையிலேயே கிடக்கும். யாரும் திறக்காத கோப்பு உபயோகத்தில் இருப்பதாக வரும் அறிவிப்புகளில் பலவற்றின் ரகசியம் இதுவே.

இந்த நிலையில் காரியாலயங்களில் சாதாரணமாக நடப்பது என்ன? அவசரக்காரர் ஒருவர் கோப்பை வேறு பெயரில் சேமித்து, பெயரின் இறுதியில் 'ஃபைனல்' என்று சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். அடுத்தவர் 'ஃபைனல் 2' என்கிறார். ஒரு வாரத்துக்குள் அந்த ஃபோல்டர் இறுதிகளின் சந்தையாகிவிடுகிறது. செய்ய வேண்டியது வேறு. முதலில் பூட்டுக் கோப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆட்டோகேட்டில் அதற்கென்றே 'ஹூஹேஸ்' என்றொரு கட்டளை இருக்கிறது. அந்த மனிதரின் மேஜைக்கு நடந்துபோய், மெய்யாகவே திறந்து வைத்திருக்கிறாரா, சேமிக்காத வேலை ஏதேனும் அவர் திரையில் நிற்கிறதா என்று கேட்க வேண்டும். அவர் மூடிவிட்டார் என்று நிச்சயமான பிறகு, விண்டோஸ் சர்வராக இருந்தால், பகிர்ந்த ஃபோல்டர்களில் திறந்திருக்கும் கோப்புகளின் ஜாபிதாவைப் பார்த்து, அறுந்துபோன இணைப்பு இன்னும் உயிரோடிருப்பதாகச் சர்வர் நம்பிக்கொண்டிருந்தால் அதை முடித்துவைக்க வேண்டும். இவ்வளவும் ஆன பிற்பாடு, பூட்டுக் கோப்பு இன்னமும் கிடக்குமானால் அதை நீக்கலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பூட்டை முதலில் அழித்துவிட்டு விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்பவர்கள், ஒருவருடைய அரைநாள் உழைப்பை மற்றொருவர் அறியாமலே அழிப்பதற்கு வழி செய்கிறார்கள்.

இதைக் காட்டிலும் பொல்லாத தொல்லை ஒன்று அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. சர்வர் வாங்கவும் அதைப் பராமரிக்கவும் செலவாகுமே என்று, டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் முதலிய இணையச் சேமிப்புகளில் ஒரு ஃபோல்டரை அமைத்து, அதையே பொதுச் சர்வராகக் கருதிக்கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. இவை நல்ல சாதனங்களே, நானும் உபயோகிக்கிறேன். ஆனால் சர்வரில் உள்ள கோப்பு ஒன்றேதான். எல்லோரும் அந்த ஒன்றையே எட்டிப் பார்க்கிறார்கள். இணையச் சேமிப்பிலோ ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு பிரதி இருக்கிறது. அப்பிரதிகளை ஒன்றுபோல் வைத்திருக்க ஒரு நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னே சொன்ன துண்டு பக்கத்து மேஜைக்குப் போய்ச் சேருவதற்குள் அங்கே இன்னொருவர் அதே இடத்தில் உட்கார்ந்தாகிவிட்டது. இருவரும் திருத்துகிறார்கள், இருவரும் சேமிக்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது என்று நிரலுக்குத் தெரியாமற்போகும்போது, டிராப்பாக்ஸ் 'முரண்பட்ட பிரதி' என்று பெயரில் குறித்து இன்னொரு கோப்பை உண்டாக்குகிறது. ஒன்டிரைவ் கம்ப்யூட்டரின் பெயரைக் கோப்பின் பெயரோடு ஒட்டிவைக்கிறது. இந்த இரட்டைப் பிரதிகளைக் கண்டு எரிச்சல்படுகிறவர்கள், இரண்டு பேருடைய வேலையையும் அழியாமல் காத்துக்கொடுத்த நிரலின் விவேகத்துக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, கோப்பின் பெயரை மட்டும் காட்டி, உள்ளடக்கத்தை இணையத்திலேயே நிறுத்தி வைக்கும் ஏற்பாடும் இவற்றில் உண்டு. பெயர் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இணையம் மந்தமாக இருக்கும் நேரத்தில், அதை இணைப்பாகக் கொண்ட வேறொரு படத்தைத் திறந்தால், அஸ்திவாரப் படம் வர வேண்டிய இடம் வெறுமையாக நிற்கிறது. வேலையில் உள்ள திட்டங்களின் ஃபோல்டரையாவது எப்போதும் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்படி அமைத்துக்கொள்வது இதற்குப் பரிகாரம். ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் பல பேர் கூடி வேலை செய்யும் மாதிரிகளின் மையக் கோப்பை இத்தகைய சேமிப்புகளில் வைப்பதை, அதையும் ஆட்டோகேட்டையும் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே ஆதரிப்பதில்லை. ஃபோட்டோஷாப் கோப்பை நெட்வொர்க்கில் வைத்தபடியே திருத்தாமல், சொந்தக் கம்ப்யூட்டரில் பிரதியெடுத்துத் திருத்திவிட்டுத் திரும்ப வைக்கும்படிதான் அதைத் தயாரிக்கும் அடோபியும் சொல்கிறது. இந்த எச்சரிக்கைகள் எல்லாம் உதவிப் பக்கங்களின் மூலையில் கிடக்கின்றன. 'எங்கிருந்தும் எவரோடும்' என்ற விளம்பரமோ முகப்பில் பளபளக்கிறது.

காணாமற்போகும் இணைப்புகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு படத்துக்குள் இன்னொரு படத்தை இணைக்கும் எக்ஸ்ரெஃப் ஏற்பாட்டில், இணைந்த கோப்பு எங்கே இருக்கிறது என்ற பாதையும் எழுதிவைக்கப்படுகிறது. ஒருவர் கம்ப்யூட்டரில் சர்வர் 'இசட்' டிரைவாகவும் மற்றவர் கம்ப்யூட்டரில் 'ஒய்' டிரைவாகவும் இருந்தால் முழுப்பாதை பொய்த்துப்போகும். இணையச் சேமிப்பிலோ பாதையின் நடுவில் அவரவர் பெயரே வந்துவிடுகிறது. இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடும் சார்புப் பாதையை உபயோகித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஆட்டோகேட்டில் 2018 பதிப்பு முதல் அதுவே இயல்பான அமைப்பாகவும் ஆகிவிட்டது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியத்தைப் பெயராகச் சூட்டுகிறவர்கள், பாதையின் நீளம் 260 எழுத்துகளைத் தாண்டினால் விண்டோஸில் பல நிரல்கள் கோப்பைக் கண்டுகொள்ளாது என்பதை ஞாபகத்தில் வைத்தால் போதும். பாட்டரி தீர்ந்து கடிகாரம் தப்பாக ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று காரியாலயத்தில் இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். எது புதிய பிரதி என்று தேதியைப் பார்த்துத் தீர்மானிக்கிற மனிதரையும் நிரலையும் அது ஒருங்கே ஏமாற்றிவிடும்.

பலரை நினைத்துச் செய்த ஏற்பாடும் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டில் வெளியாகி, 2002இல் ஆட்டோடெஸ்க் வாங்கிக்கொண்ட ரெவிட்டில், சர்வரில் மையக் கோப்பும் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் அதன் பிரதியும் இருக்க, ஒருவர் கை வைத்த சுவரை அவர் விடுவிக்கும் வரையில் மற்றவர் தொட முடியாதபடி காவல் இருக்கிறது; வேலை முடிந்தவர் மையத்துடன் ஒத்திசைத்துத் தம் திருத்தங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். ஆயினும் இந்தக் காவல் முழுவதும் பெயரை நம்பியிருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒரே பயனர் பெயரை வைத்துக்கொண்டு வேலை செய்தால், இருவரையும் ஒருவராகவே எண்ணி மென்பொருள் குழம்புகிறது. விடுவிக்காமலே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஊருக்குப் போனவர் பிடித்து வைத்திருக்கும் சுவர்கள் அவர் திரும்பும் வரையில் மற்றவர்களுக்கு உதவாமல் நிற்கின்றன. இங்கேயும் குறை, காவலை யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் மனிதர் செய்ய வேண்டிய சிறு காரியங்களை விட்டுவிடுவதுதான்.

இது பணமில்லாத சிறு காரியாலயங்களின் வியாதி என்று எண்ணுபவர்கள் ஏர்பஸ் கம்பெனி பட்ட பாட்டைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஏ380 என்ற மாபெரும் விமானத்தை நான்கு தேசங்களில் பகுதி பகுதியாகச் செய்து, பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் கோத்தார்கள். ஒவ்வொரு விமானத்திலும் சுமார் 530 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கம்பிகள். ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் இருந்த வடிவமைப்பாளர்கள் காட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பையும், பிரான்ஸிலும் பிரிட்டனிலும் இருந்தவர்கள் ஐந்தாம் பதிப்பையும் உபயோகித்தார்கள். ஒரு பதிப்பில் செய்த திருத்தம் மறு பதிப்பில் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. ஹாம்பர்க் நகரிலிருந்து வந்த கம்பித் தொகுதிகளைத் துலூஸில் பொருத்தப் பார்த்தபோது, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அவை எட்டவில்லை. 2006ஆம் ஆண்டில் தாமதத்தின் முழு அளவும் அம்பலமாகி, ஜூலை மாதத்தில் தாய் நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவரும் ஏர்பஸ்ஸின் தலைவரும் பதவி விலகினார்கள். அக்டோபரில், 2010 வரையிலான லாபத்தில் 480 கோடி யூரோ குறையும் என்று கம்பெனியே அறிவித்தது. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்கு வந்தது 2007 அக்டோபரில், ஏறத்தாழ இரண்டாண்டு தாமதத்துக்குப் பின்னால். அங்கே பணத்துக்கோ, நிபுணர்களுக்கோ, நெட்வொர்க்குக்கோ பஞ்சமில்லை. எல்லோரும் ஒரே பதிப்பில் வேலை செய்யுங்கள் என்று நான்கு தேசத்தாருக்கும் கட்டளையிட்டு, அதை நடத்திவைக்கும் அதிகாரம் படைத்த ஒருவர்தான் இல்லை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய வரைபடச் சாலைகளில், நம் பொதுப்பணித் துறையிலும் சரி, பெரிய ஆலைகளிலும் சரி, இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. கஞ்சியேற்றிய துணியிலோ ஒளி ஊடுருவும் காகிதத்திலோ கறுப்பு மையால் வரைந்த மூலப் படம் அலமாரியை விட்டு வெளியே போகாது. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த நீலப்படிவ முறையிலும், பிற்காலத்தில் அம்மோனியா வாடை வீசும் அச்சு முறையிலும் எடுத்த பிரதிகளே வெளியே போகும். படத்தின் வலது ஓரத்தில், என்ன திருத்தம், எந்தத் தேதி, யார் செய்தார், யார் சரிபார்த்தார் என்று எழுதும் கட்டம் இருக்கும். எந்தப் பிரதி யாருக்கு எப்போது அனுப்பப்பட்டது என்பதற்குத் தனிப் பதிவேடு இருக்கும். அலமாரிச் சாவி வைத்திருந்தவரின் சம்மதமில்லாமல் தலைமைப் பொறியாளரே கேட்டாலும் மூலத்தை எடுத்துப்போவது சிரமம். இந்த முறையில் வேகம் கிடையாது என்பதை மறுக்கவில்லை; ஒருவர் மூலத்தில் கை வைத்திருக்கும்போது மற்றவர்கள் காத்திருந்துதான் ஆக வேண்டும். கம்ப்யூட்டர் வந்ததும் வரைபலகையையும் மைக்கூட்டையும் தூக்கியெறிந்தோம். அவற்றோடு அந்தச் சாவிக்காரரையும் பதிவேட்டையும் சேர்த்துத் தூக்கியெறிந்தோம். அதற்கு எந்த அவசியமும் இருக்கவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதைக் கவனிக்காமல் விடுவது நியாயமாகாது. ஃபிக்மா போன்ற மென்பொருள்களில் பத்துப் பேர் ஒரே திரையில் ஒரே நேரத்தில் வரைகிறார்களே, கூகுள் டாக்ஸில் பலர் கூடி எழுதுகிறார்களே, பூட்டும் காவலும் பழங்காலச் சரக்கல்லவா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது மெய்யே. அச்சாதனங்களை நான் வியக்கிறேன். அவற்றின் வெற்றிக்குக் காரணம், படத்தை முழுக்கோப்பாகக் கருதாமல், ஒவ்வொரு வட்டத்தையும் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியே மாறக்கூடிய பொருளாகப் பிரித்து, அந்தச் சிறு மாற்றத்தை மட்டும் மத்தியில் உள்ள சர்வருக்கு அனுப்பும்படி அஸ்திவாரத்திலிருந்தே கட்டியதுதான். 1982இன் வம்சத்தில் வந்த கோப்பு அந்தக் குணத்தைச் சந்தா கட்டுவதனால் பெற்றுவிடாது. கட்டட மென்பொருள்களிலும் இணையவழிக் கூட்டுவேலை கிடைக்கிறது. ஆனால் அதற்கு ஆளுக்கொரு சந்தா, வருஷந்தோறும். ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு மதுரைக் காரியாலயத்துக்கு அது சிறிய தொகை அல்ல. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். வாங்கிய பிறகும், இறுதியென்று முத்திரையிட்டு மனைக்கு அனுப்புகிறவர் யார் என்ற கேள்விக்கு மென்பொருள் பதில் சொல்லாது.

உலகத்தாரும் சுற்றி வளைத்து அந்த அலமாரிக்கே திரும்பியிருக்கிறார்கள். 2018 டிசம்பரில் வெளியான ஐ.எஸ்.ஓ. 19650 என்ற சர்வதேசத் தரவிதி, கட்டுமானத் தகவல் எல்லாவற்றையும் நான்கு நிலைகளில் வைக்கச் சொல்கிறது: செய்துகொண்டிருப்பது, பிற குழுவினருக்குப் பகிர்ந்தது, அதிகாரபூர்வமாக வெளியிட்டது, பாதுகாத்து வைத்தது. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டுமானால் பொறுப்புள்ளவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். சிறு காரியாலயம் இதைப் பின்பற்றுவதற்கு எதையும் வாங்க வேண்டியதில்லை; நான்கு ஃபோல்டர்களும், வெளியிட்ட படங்களின் ஃபோல்டரில் ஒருவர் மட்டுமே எழுத முடியும், மற்றவர்கள் படிக்கலாம் என்ற அனுமதி அமைப்பும், திருத்த எண்ணும் தேதியும் பெற்றவர் பெயரும் எழுதும் ஒரு பதிவேடும் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். வெளிநாட்டுக்கு வேலை செய்துகொடுக்கும் கம்பெனிகள், கூலியையும் கெடுவையும் எழுதும் ஒப்பந்தத்திலேயே, மூலப் பிரதி எந்தக் கரையில் இருக்கும், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் இருக்கும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இவர்களுக்கு விடியும்போது வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு இரவாகிவிடுவதால், சந்தேகத்தைக் கேட்டறிய நடந்துபோகும் மேஜை இங்கே கிடையாது.

எஞ்சியிருப்பது, மூலப் பிரதியின் பொறுப்பை ஏற்கும் அந்த ஒருவர் யார் என்ற கேள்வி. நேற்று வேலைக்குச் சேர்ந்த பயிற்சிப் பையனிடம் இதை ஒப்படைப்பது பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. அவன் பேச்சை மூத்தவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்கும்படி சொல்லும் தைரியம் அவனுக்கும் இராது. முதலாளியே வைத்துக்கொள்வதும் உசிதமன்று. அவர் மனைக்கும் வாடிக்கையாளரிடமும் போயிருக்கும் நேரத்தில் வேலை நின்றுபோகும், அல்லது சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போய்விடுவார். படம் வரைந்து பழுத்த மூத்த வரைவாளர் ஒருவரிடம் இதைக் கொடுத்து, அவர் விடுப்பில் போகும் நாளுக்கு மாற்றாள் ஒருவரையும் குறித்துவைத்து, அவருடைய அன்றாட வேலையில் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, அந்த ஒரு மணி நேரத்துக்கும் அவர் சம்பளம் வாங்குகிறார் என்பதைத் திட்டச் செலவின் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.